காவிரிப் படுகைக்கு ஒரு சிக்கன நேர வழங்கி

நேர வழங்கி என்பது, தன்னோடு இணைந்த கணினிகள் கேட்கும்போதெல்லாம் சரியான நேரத்தைச் சொல்லும் கணினி. அதன் தேவை, ஒவ்வொரு கணினிக்குள்ளும் இருக்கும் கடிகாரத்தின் தரத்திலிருந்து பிறக்கிறது. கூட்டுறவு வங்கியின் மேசைக் கணினியானாலும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விரல்ரேகை வாங்கும் கருவியானாலும், உள்ளே நேரத்தை எண்ணுவது மலிவான ஒரு குவார்ட்ஸ் படிகம்தான். அதன் அதிர்வு பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகுவது சாதாரணம். நாளொன்றுக்கு அது 1.7 விநாடி. ஆடுதுறை 43 ரக நெல்லை விதைத்து அறுக்கும் 110 நாளில் மூன்று நிமிடத்துக்கு மேல் போய்விடும். பக்கத்துக் கணினியின் படிகம் எதிர்த்திசையில் பிசகினால், ஒரே அறையில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே ஒரு குறுவைப் பருவத்துக்குள் ஆறு நிமிட இடைவெளி விழும்.

எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் போதும் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நீர் நிர்வாகத்துக்கு நிமிடக் கணக்கே தாராளம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சுமார் மூன்று நாளாகிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் நீரின் மட்டத்தை மதகுப் பணியாளரான லஸ்கர் பார்த்து எழுதும் நேரத்தில் ஒரு நிமிடம் முன்பின் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. தானியங்கி வானிலை நிலையத்துக்கு அது ஆகாது. அத்தகைய நிலையங்கள் இன்சாட் செயற்கைக்கோள் வழியாகத் தரவு அனுப்பும்போது, ஒரே அலைவரிசையைப் பல நிலையங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய சிறு நேரத்துண்டுக்குள் அனுப்பி முடிக்க வேண்டும். கடிகாரம் சில விநாடி நழுவினால், அனுப்பிய மழையளவு பக்கத்து நிலையத்தின் மழையளவோடு மோதி இரண்டுமே வீணாகும். அதனால்தான் அந்த நிலையங்களில் ஜிபிஎஸ் வாங்கி ஒன்று கூடவே பொருத்தப்படுகிறது. மின் துணைநிலையத்தின் தேவை இன்னும் கடுமையானது. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் ஒரு மைக்ரோ விநாடிப் பிழை 0.018 பாகைக் கட்டப் பிழையாகும். தொலைவிலுள்ள இரண்டு இடங்களின் கட்டத்தை ஒப்பிடும் கருவிகளுக்கு மைக்ரோ விநாடிதான் அலகு. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒண்டாரியோவும் இருளில் மூழ்கியபோது, பதிவுக் கருவிகள் பலவற்றின் கடிகாரங்கள் பொது நேரத்தோடு ஒத்திசையாமல் இருந்தன. எது முதலில் விழுந்தது என்று வரிசைப்படுத்தவே விசாரணையாளர்கள் பெரும்பாடு பட்டார்கள்.

அலுவலகம், மருத்துவமனை, வங்கிக் கிளை, கல்லூரி ஆய்வகம் ஆகியவை வானிலை நிலையத்துக்கும் மின் துணைநிலையத்துக்கும் நடுவில் நிற்கின்றன. யார் எப்போது உள்நுழைந்தார், எந்தக் கோப்பு எப்போது மாறியது என்ற பதிவுகளைப் பொருத்திப் பார்க்க மில்லி விநாடி அளவில் ஒற்றுமை வேண்டும். இது இப்போது சட்டக் கடமையும்கூட. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தம் கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் நேர வழங்கியோடோ, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கியோடோ, அவற்றின் வழிவந்த வழங்கிகளோடோ ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. சிக்கனமான நேர வழங்கி பயன்படும் இடம் இதுதான்.

காவிரிப் படுகைக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்பது தனி வரலாறு. கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் அரைவட்ட வடிவில் ஒரு சூரியக் கடிகாரம் இன்றும் இருக்கிறது. அது காட்டுவது அந்த ஊருக்கே உரிய நேரம். இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெட்டாங்கை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கும்பகோணம் ஏறக்குறைய 79.4 பாகையில் இருப்பதால், அங்கே சூரியன் சராசரியாகப் பன்னிரண்டரை நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்வாகவும் இருப்பதால், இந்த இடைவெளியும் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இராது. நவம்பர் தொடக்கத்தில் உச்சிவேளை கைக்கடிகாரத்தில் 11.56, பிப்ரவரி நடுவில் 12.27. 1792-இல் கட்டப்பட்ட சென்னை வானாய்வகம் கணித்த சென்னை நேரம் பின்னாளில் ரயில்களுக்கு அளவுகோலாகி, ஊர் நேரங்களை ஓரங்கட்டியது. 1906 ஜனவரி 1 முதல் நாட்டுக்கென்று ஒரு பொது நேரம் வந்தது. இன்று அதைக் காப்பது புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள்.

டெல்லியிலிருந்து இணையம் வழியாக வரும் நேரத்துக்கு வழியில் சேதாரம் உண்டு. அந்தச் சேதாரத்தைக் கழிக்கும் முறையே என்டிபி எனப்படும் நெறிமுறை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் வகுத்த அதன் முதல் வரையறை 1985-இல் வெளிவந்தது. வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரே பிரச்சினைக்குக் கொடுத்த அவர் 2024 ஜனவரியில் மறைந்தார். கேட்கும் கணினி கேள்வியை அனுப்பிய நேரம், வழங்கி அதைப் பெற்ற நேரம், வழங்கி பதிலை அனுப்பிய நேரம், கேட்ட கணினிக்குப் பதில் கிடைத்த நேரம் என்று நான்கு நேரங்கள் குறிக்கப்படுகின்றன. போகவும் வரவும் ஒரே அளவு காலம் பிடித்ததாக வைத்துக்கொண்டால், இந்த நான்கிலிருந்து கடிகார வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இடறுவது அந்த அனுமானத்தில்தான். செல்பேசி இணைப்பில் கேள்வி போய்ச் சேர 50 மில்லி விநாடியும் பதில் வர 20 மில்லி விநாடியும் ஆனால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 15 மில்லி விநாடி, பிழையாகக் கடிகாரத்தில் ஏறும். எத்தனை முறை திரும்பத் திரும்பக் கேட்டாலும் இந்தப் பிழை வெளியில் தெரியாது. கேட்பவர் தன்னிடம் உள்ள எண்களை வைத்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அதனால் நேரத்தை வானிலிருந்தே நேராக வாங்குவது அறிவுடைமை. நாகப்பட்டினம் மீனவர்கள் படகில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவி இடம் காட்டுவதற்கென்று வாங்கப்பட்டதானாலும், அதன் உள்வேலை முழுக்க நேரக் கணக்குதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில், அணுக் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு சுற்றுகின்றன. தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளின் அலை தரைக்கு வர 67 மில்லி விநாடி ஆகும். வாங்கிக்குத் தெரியாதவை நான்கு: தன் இருப்பிடத்தின் மூன்று அளவுகளும் தன் கடிகாரப் பிழையும். ஆகவே நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் நான்கும் விடுபடும். ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும் என்பதால், சரியான இடத்தைச் சொல்லும் வாங்கி நேரத்தையும் மிகச் சரியாகவே அறிந்திருக்கும். ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கும் இதில் வேலை உண்டு. அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்தும். வேகத்தால் 7 மைக்ரோ விநாடி பிந்தும். மிஞ்சும் 38 மைக்ரோ விநாடியைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 11 கி.மீ. அளவுக்குத் தொலைவு தவறும். வயலையும் வாய்க்காலையும் தாண்டி அடுத்த ஊருக்கே போய்விடலாம்.

ஆன்டெனா அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் கணக்கு இன்னும் எளிது. இருப்பிடத்தை நீண்ட நேரம் அளந்து நிலைநிறுத்திவிட்டால், தெரியாதது நேரம் மட்டும்தான். அதற்கு ஒரே ஒரு செயற்கைக்கோள் போதும். நேரப் பணிக்கென்றே தயாராகும் வாங்கிகள் இதைத் தாமாகச் செய்கின்றன.

ஜிபிஎஸ் போன்ற இந்தியாவின் நாவிக் அமைப்பை இங்கே சொல்லாமல் விட முடியாது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இந்த அமைப்பின் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் இந்தியாவை விட்டு அகலாமல் நிற்பதால், தஞ்சாவூரின் வானில் நல்ல உயரத்தில் எப்போதும் தென்படும். தோப்புக்கு நடுவிலிருக்கும் கட்டடங்களுக்கு இது பெரிய அனுகூலம். ஆனால் முதல் தலைமுறையில் பொருத்தப்பட்ட வெளிநாட்டு ரூபிடியம் கடிகாரங்கள் பல பழுதாயின. எல்லாச் செயற்கைக்கோள்களும் இன்று முழுச் சேவையில் இல்லை. மலிவான வாங்கிகள் கேட்கும் அலைவரிசையில் அவை பேசவும் இல்லை. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோள் இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கத் தொடங்கியது. அதில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய ரூபிடியம் கடிகாரம் இருக்கிறது. எல்1 அலைவரிசையும் சேர்ந்திருக்கிறது. இப்போதைக்கு ஜிபிஎஸ்ஸையும் நாவிக்கையும் சேர்த்துக் கேட்கும் வாங்கியே நல்ல தேர்வு. ஒன்றை மட்டும் நம்புவது சரியல்ல.

வாங்கியிலிருந்து கணினிக்கு நேரம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, விநாடிக்கு ஒரு முறை தொடர் கம்பி வழியே வரும் எழுத்து வரி. தேதி, மணி, நிமிடம், விநாடி அதில் இருக்கும். மற்றொன்று, ஒவ்வொரு விநாடியும் பிறக்கும் அதே கணத்தில் ஒரு கம்பியில் மின்னழுத்தம் சட்டென்று உயரும் விநாடித் துடிப்பு. அரண்மனை வாசலில் அடிக்கும் மணிக்கும், அடித்து முடித்தபின் இத்தனை மணி என்று கூவும் ஆளுக்கும் உள்ள வேறுபாடு இவற்றுக்கு உண்டு. எழுத்து வரி விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் வரும்போது, 70 எழுத்துகள் வந்து முடியவே 73 மில்லி விநாடி ஆகிறது. அந்தத் தாமதமும் வரிக்கு வரி மாறும். துடிப்பின் பிழையோ, யூ-பிளாக்ஸ் நியோ-6எம் போன்ற சாதாரண வாங்கியிலேயே சுமார் 30 நானோ விநாடிதான். எழுத்து வரியை மட்டும் நம்பிக் கட்டிய வழங்கி, இணையத்திலிருந்து வாங்கும் நேரத்தைவிட மோசமாக இருப்பதும் உண்டு. துடிப்பைக் கணினிக்குள் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் உயிர்.

கட்டுவதற்கு வேண்டியவை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று, துடிப்பு தரும் வாங்கி, வெளியில் வைக்கும் ஆன்டெனா, சில கம்பிகள். சில ஆயிரம் ரூபாயில் அடங்கும். கடையில் கிடைக்கும் மலிவு நியோ-6எம் பலகைகளில் மின்சாரம், தரை, அனுப்பு, பெறு என்று நான்கு முனைகளே வெளியே இருக்கும். துடிப்பு முனை சில்லிலிருந்து ஒரு சிறு விளக்குக்கு மட்டும் போகும். செயற்கைக்கோள்கள் பிடிபட்டதும் விநாடிக்கு ஒரு முறை மினுக்கும் அந்த விளக்கே துடிப்பு. சில்லின் மூன்றாவது காலில் மெல்லிய கம்பி ஒன்றைச் சாலிடர் வைத்து, பையின் பன்னிரண்டாவது ஊசியில் (ஜிபிஐஓ 18) இணைக்க வேண்டும். காலுக்குக் கால் இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர் என்பதால், கைப்பழக்கம் இல்லாதவர்கள் துடிப்பு முனை தனியாக வெளிவந்த பலகையை வாங்குவதே நல்லது. கூடுதலாகப் போகும் சில நூறு ரூபாய் வீண் செலவல்ல. பையின் ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதையும் மறக்கக் கூடாது. வாங்கியை யூஎஸ்பி வழியாக இணைப்பது எளிது. ஆனால் யூஎஸ்பி தன் முறை வரும்போதுதான் தகவலை எடுக்கும் என்பதால், ஒரு மில்லி விநாடி வரை முன்பின் ஆகும். பழைய பை மாதிரிகளில் வலையமைப்பு இணைப்பே யூஎஸ்பி வழியாகத்தான் போனது. 2019-இல் வந்த பை 4 முதல் அது நேராக இணைந்துவிட்டது.

ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். செயற்கைக்கோள் அலை தரைக்கு வரும்போது எந்த அளவுக்கு நலிந்திருக்கும் என்றால், தகரக் கூரை அதை அடியோடு தடுத்துவிடும். நனைந்த தென்னங்கீற்று பெருமளவு உறிஞ்சிவிடும். மொட்டை மாடியில் நாற்புறமும் திறந்த இடம் சிறந்தது. ஆனால் அங்கே நிற்கும் உயரமான கம்பி இடியையும் அழைக்கும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் வைத்து நல்ல தரையிணைப்புக் கொடுக்காமல் விட்டால், ஐப்பசி மழையின் முதல் இடியிலேயே வாங்கியும் பையும் அதனோடு இணைந்த சுவிட்சும் சேர்ந்து போய்விடும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். நீர்புகா நாடா சுற்றுவது அவசியம். கேபிள் மீட்டருக்கு 5 நானோ விநாடி தாமதம் தரும். இந்த வழங்கிக்கு அது பொருட்டே இல்லை. பையை மாடிக்குக் கொண்டுபோகாமல் கட்டடத்துக்குள் நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் பெட்டி சூடேறும்போது படிகத்தின் வேகம் மாறும். மென்பொருள் அந்த மாற்றத்தை விரட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் எப்போதும் ஓரடி பின்தங்கியே இருக்கும்.

மென்பொருளுக்குச் செலவில்லை. லினக்ஸ் கருநிரல் துடிப்பைப் பெற்ற கணத்தைக் குறித்துக்கொள்கிறது. ஜிபிஎஸ்டி என்ற நிரல் எழுத்து வரியைப் படிக்கிறது. குரோனி என்ற நிரல் இரண்டையும் சேர்த்துக் கணினிக் கடிகாரத்தை நடத்துகிறது. துடிப்பு விநாடியின் தொடக்கத்தை மட்டும் சொல்லும். அது எந்த விநாடி என்று சொல்வது எழுத்து வரிதான். வரியின் தாமதம் அரை விநாடியைத் தாண்டினால் துடிப்பு தவறான விநாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது வழங்கி மைக்ரோ விநாடித் துல்லியத்தோடு முழுசாக ஒரு விநாடி பிசகி நிற்கும். உள்ளே உள்ள எந்த எண்ணும் அதைக் காட்டிக்கொடுக்காது. இதைத் தடுக்க, முதல் ஒரு நாள் வரியைத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் வழங்கியோடு ஒப்பிட்டுப் பார்த்து, சராசரித் தாமதத்தைக் கண்டு, அதை அமைப்புக் கோப்பில் எழுதிவிட வேண்டும். ஒழுங்காக அமைத்தால் பையின் கடிகாரம் சில மைக்ரோ விநாடிக்குள் நிற்கும். கம்பியில் இணைந்த கணினிகள் பெரும்பாலும் நூறு மைக்ரோ விநாடிக்குள் வரும். வைஃபையில் இணைந்தவை மில்லி விநாடிக் கணக்கில் ஆடும்.

விண்ணிலிருந்து வருவதாலேயே எல்லாம் சரி என்று இருந்துவிட முடியாது. ஜிபிஎஸ் தன் நேரத்தை 1980 ஜனவரி 6 முதல் எண்ணுகிறது; பூமியின் சுழற்சிக்கு ஏற்ப உலக நேரத்தில் இடையிடையே சேர்க்கப்பட்ட லீப் விநாடிகளை அது கணக்கில் எடுப்பதில்லை. 2017 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் காலை 5.30 மணிக்கு முன் சேர்ந்த லீப் விநாடியோடு, ஜிபிஎஸ் உலக நேரத்தைவிட 18 விநாடி முன்னே இருக்கிறது. இந்த 18 என்ற எண் செயற்கைக்கோள் அறிவிப்பில் 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. மின்சாரம் போய் வந்த பழைய வாங்கி, அதுவரை தன் நினைவில் உள்ள பழைய எண்ணை வைத்து நேரம் சொல்லக்கூடும். வாரக் கணக்கு வேறு ஒரு கண்ணி. பழைய அறிவிப்பு முறையில் 1,024 வாரத்துக்கு ஒரு முறை எண் சுழியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது, சரிபார்க்கப்படாத சில கருவிகள் இருபது ஆண்டு பின்னே போயின. அடுத்த முறை 2038 நவம்பர். 2016 ஜனவரி 26 அன்று நடந்தது இன்னும் நுட்பமானது. எஸ்விஎன்-23 என்ற பழைய செயற்கைக்கோளை ஓய்வுக்கு அனுப்பியபோது தவறான திருத்த எண்கள் மற்றச் செயற்கைக்கோள்களின் அறிவிப்பில் ஏறி, பல மணி நேரம் ஜிபிஎஸ் சொன்ன உலக நேரம் 13 மைக்ரோ விநாடி பிசகியது. இடம் காட்டுவதில் குறை தெரியவில்லை. நேரத்தை நம்பியிருந்த தொலைத்தொடர்பு வலையமைப்புகளில்தான் எச்சரிக்கைகள் ஒலித்தன. போலி அலைகளைப் பரப்பி வாங்கியை ஏமாற்றுவதும் சாத்தியமே. ஆகவே குரோனிக்கு ஜிபிஎஸ்ஸோடு, தேசிய தகவலியல் மையம், தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றின் வழங்கிகளையும் ஒப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டும். செர்ட்-இன் உத்தரவின் நோக்கமும் அப்போதுதான் நிறைவேறும். மத்திய அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட இந்திய நேர வரைவு விதிகளும் நாடு முழுவதும் ஒரே மூலத்திலிருந்து நேரம் வர வேண்டும் என்ற திசையில்தான் போகின்றன.

இந்தப் பெட்டியின் உண்மையான பயன் புயல் காலத்தில் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் படுத்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அத்தகைய நாளில் ஜெனரேட்டரில் ஓடும் மருத்துவமனைக் கணினிக்கு டெல்லியின் நேரம் எட்டாது. வானத்தின் நேரம் எட்டும். பைக்குச் சில வாட் மின்சாரம் போதும். சிறிய பேட்டரியும் சூரியத் தகடும் அதைத் தாங்கும். ஆன்டெனாவே காற்றில் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைக்க வேண்டும். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லைச் சேர்த்தால், 40 பாகை வெப்பம் வரை அதன் பிசகு பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் போகாது. மாதத்துக்கு அதிகபட்சம் சுமார் 5 விநாடி. பை 5-க்கு முந்தைய மாதிரிகளில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது என்பதால், மின்சாரம் போய் வந்ததும் நேரம் தெரியாமல் விழிக்காதிருக்க இந்தச் சில்லு கட்டாயம் வேண்டும்.

மின் துணைநிலையத்தின் கட்ட அளவைக்கு இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்கக் கூடாது. அங்கே வலையமைப்பு அட்டையே நேரத்தைக் குறிக்கும் ஐஇஇஇ 1588 முறையும் அதற்கேற்ற சுவிட்சுகளும் வேண்டும். அவற்றின் விலையும் வேறு. மற்ற இடங்களுக்கு இது தாராளமாகப் போதும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று படுகை முழுவதும் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இறுதியாண்டு மாணவர்களைக் கொண்டு ஒரு வழங்கியைக் கட்டி, தன் வளாகத்துக்கும் அருகிலுள்ள மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் நேரம் தர முன்வர வேண்டும். கட்டி முடித்ததும் பெட்டியின் மேல் ஆன்டெனாவின் இருப்பிடம், கேபிளின் நீளம், எழுத்து வரிக்குக் கொடுத்த திருத்தம், இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு கடைசியாக ஒப்பிட்ட தேதி, அன்று கண்ட வித்தியாசம் ஆகிய ஐந்தையும் எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் ஒப்பீட்டை மீண்டும் செய்து, புதிய தேதியை அதே தாளில் சேர்க்க வேண்டும்.